மச்சச்சட்டியும் திமிங்கலமும்

எங்கள் வீட்டுக் குசினியில் மீனும் நண்டும் காய்ச்சும் மச்சச்சட்டி தனியாக இருக்கும். வெள்ளிக்கிழமையோ விரத நாளோ வந்தால் அம்மா அதைக் கழுவிப் பின்வாசல் தட்டில் கவிழ்த்துவிடுவார்; அன்றைய சமையல் வேறு சட்டியில், வேறு அகப்பையால் நடக்கும். எழுபத்தெட்டு வயதிலும் அந்த ஒழுங்கு ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. சென்ற ஆடியில் நோர்வேயிலிருந்து வந்திருந்த என் அத்தை மகன், நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், தான் அங்கே திமிங்கல இறைச்சி சாப்பிட்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அம்மா கிண்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அதை எந்தச் சட்டியில காய்ச்சுவினம்?"

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. மீனுக்கு ஒரு சட்டி உண்டு, மரக்கறிக்கு ஒரு சட்டி உண்டு, மாட்டிறைச்சிக்கு இந்த வீட்டில் சட்டியே கிடையாது. கடலில் வாழ்ந்து, குட்டி ஈன்று, பால் கொடுக்கும் ஒரு பிராணியை எங்கே சேர்ப்பது என்பதுதான் அவருடைய குழப்பம்.

மச்சான் எண்பதுகளின் இறுதியில் போனவர். அக்காலத்தில் நோர்வேக்குப் போன நம்மவர்களில் பலர் வடக்கே, பின்மார்க் கரையோர ஊர்களின் மீன் ஆலைகளில்தான் முதல் வேலை பார்த்தார்கள், அவரும் அப்படியே. உடன் வேலை செய்த ஒருவர் வீட்டில் பொரித்துக் கொடுத்தாராம். கறுஞ்சிவப்பு நிறம், சூரைக்கும் மாட்டுக்கும் இடைப்பட்ட ருசி, கடைகளில் குளிர்ப்பெட்டியில் மாட்டிறைச்சிக்குப் பக்கத்திலேயே கிடக்கும் என்றார். அம்மா அதைக் கேட்டு "பாவம்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார். மச்சான் விடவில்லை. "மாமி, இந்தச் சட்டிக்குள்ள கிடக்கிற நண்டு எப்பிடிச் செத்தது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டின்போது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டாலும், அந்தக் கேள்வி எனக்குள் பல நாள் கிடந்தது.

திமிங்கல வேட்டையைப் பற்றித் திருகோணமலைக்காரன் ஒருவன் உணர்ச்சி கலக்காமல் எழுதுவது கடினம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அது படத்தில் பார்த்த பிராணி அன்று. ஏறத்தாழ 400 அடி உயரமான சுவாமிமலையின் உச்சியில், கோணேசர் கோயிலுக்குப் பின்னால் நின்று கிழக்கே பார்த்தால், கடல் அமைதியாக இருக்கும் காலையில் தொலைவில் ஒரு வெண்புகை எழும்பி மறைவதைச் சில வேளை காணலாம். கொட்டியாரக் குடாவில் தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே வந்து ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்கிவிடுவதால், மற்ற நாடுகளில் பல மணி நேரம் கப்பலோடிப் பார்க்க வேண்டிய நீலத்திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் இங்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் திரிகின்றன. வடஇந்து சமுத்திரத்தின் நீலத்திமிங்கலங்கள் இரை தேடித் துருவக் கடலுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே சிறு இறால்களைத் தின்று வாழ்கின்றன. அவை எங்கள் ஊர்க்காரர் என்று சொன்னால் அதில் அதிக மிகையில்லை.

1979இல், சீசெல்ஸ் நாட்டின் முன்மொழிவின் பேரில், சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அதையொட்டி 'டியூலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் 1982க்கும் 1984க்கும் இடையில் இந்தக் கடலில் அலைந்து, உயிரோடிருக்கும் திமிங்கலங்களைக் கொல்லாமலே ஆராய முடியும் என்று காட்டினார்கள். திருகோணமலைக்கு அப்பால் நீலத்திமிங்கலங்கள் கூடுவதை உலகம் அறிந்தது அந்த ஆண்டுகளில்தான். அதன் பிறகு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். போர் கடலையும் மூடியது. மீன்பிடிக்கவே அனுமதி வாங்க வேண்டியிருந்த காலத்தில் திமிங்கலம் பார்க்க யார் போவார்கள்? ஒரு வகையில், மனிதர் கடலுக்குப் போக முடியாத அந்த ஆண்டுகளில் அவை நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு. அந்த நினைப்பில் கொஞ்சம் கசப்பும் இருக்கிறது.

திமிங்கலங்களை அழித்தது யாருடைய உணவுப் பழக்கம் என்று கேட்டால், வரலாறு தருகிற பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். பெரும்பகுதி அழிவு உணவுக்காக நடக்கவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கு இடவும் எண்ணெய் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதே எண்ணெய் மார்ஜரீனாகவும் சவர்க்காரமாகவும் வெடிமருந்துக்கான கிளிசரினாகவும் மாறியது. நோர்வேக்காரரான ஸ்வெண்ட் போயின் வெடிகுண்டு ஈட்டியை உருவாக்கியதும், நீராவிக் கப்பல்கள் வேகமான நீலத்திமிங்கலத்தையும் துரத்திப் பிடிக்கத் தொடங்கியதும், இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒல்லாந்தரும் இந்த எண்ணெய் வேட்டையில் வெவ்வேறு காலங்களில் பங்காளிகள். இன்று திமிங்கலத்தைத் தின்பவனை மிருகம் என்று ஏசும் சில நாடுகளின் பாட்டன்மார், அதன் எண்ணெயைப் பாணில் பூசிச் சாப்பிட்டவர்கள். இறைச்சியைப் பெரும்பாலும் கடலிலேயே விட்டுவிட்டார்கள் என்பது எந்த வகையில் கூடுதல் நாகரிகம் என்று எனக்குப் புரியவில்லை.

சோவியத் ஒன்றியத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. அந்த நாட்டு மக்கள் திமிங்கல இறைச்சியை விரும்பிக் கேட்டவர்கள் அல்லர். ஆனாலும் திட்ட இலக்கை நிறைவேற்றுவதற்காக அதன் கப்பல்கள் ஏறத்தாழ 1,80,000 திமிங்கலங்களை ஆணையத்துக்கு மறைத்துக் கொன்றன. 1965-66இல் மட்டும் அரபிக் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கலங்கள் பிடிக்கப்பட்டன. அந்த இனம் எங்கும் வலசை போகாமல் அரபிக் கடலிலேயே தங்கி வாழ்வது. ஓமானுக்கு அப்பால் இன்று எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். உண்மைக் கணக்கு வெளியானது சோவியத் கலைந்த பிறகு, தொண்ணூறுகளில். எந்தப் பண்பாடும் கோராத, எந்தச் சட்டியிலும் ஒழுங்காக வேகாத கொலை அது.

இந்தப் பின்னணியில்தான் ஜப்பானைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பஞ்சத்தில், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகமே அனுமதி கொடுத்து, அண்டார்ட்டிக்குக்குக் கப்பல் அனுப்பச் செய்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூட மதிய உணவில் பொரித்த திமிங்கலத் துண்டுகளைத் தின்று வளர்ந்தார்கள். 1962இல் இரண்டு இலட்சம் தொன்னைத் தாண்டிய நுகர்வு இன்று சில ஆயிரம் தொன்னுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த நாட்டின் சில கரையோரங்களில் இந்தப் பழக்கம் அண்டார்ட்டிக் கப்பல்களைவிடப் பல நூற்றாண்டு பழையது. யமகுச்சி மாநிலத்தின் கயோய் என்ற ஊரில் 1692இல் எழுப்பிய ஒரு கல்லறை இருக்கிறது. பிடிபட்ட தாய்த் திமிங்கலங்களின் வயிற்றிலிருந்து எடுத்த கருக்களை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். கொல்லப்பட்ட திமிங்கலங்களுக்கு, இறந்த மனிதருக்குச் சூட்டுவதுபோல், பௌத்த முறைப்படி மரணப் பெயர் சூட்டிப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். இதைப் படித்தபோது, கொன்றுவிட்டுக் கல்லறை கட்டுவது என்ன நீதி என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, இத்தனை வருடங்களில் நான் தின்ற ஒரு பிராணிக்காவது ஒரு கணம் தலை குனிந்திருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்தேன். இல்லை.

இருந்தாலும் 1987க்குப் பிறகு 'விஞ்ஞான ஆய்வு' என்ற பெயரில் ஜப்பான் நடத்திய வேட்டையை என்னால் ஏற்க முடியாது. 1982இல் ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை கொண்டுவர வாக்களித்து, 1985-86 பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தபோது, நோர்வே வெளிப்படையாக ஆட்சேபம் பதிந்து 1993இல் வேட்டைக்குத் திரும்பியது. ஜப்பான் ஆய்வு என்றது. 2014இல் சர்வதேச நீதிமன்றம், அண்டார்ட்டிக் வேட்டை விஞ்ஞான நோக்குக்கானதாக அமையவில்லை என்று அவுஸ்திரேலியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2019இல் ஜப்பான் ஆணையத்தை விட்டு விலகித் தன் கடற்பரப்பில் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியதைப் பலரும் கண்டித்தார்கள். எனக்கு அது முந்தியதைவிட நேர்மையாகப் பட்டது. தின்பதற்குக் கொல்கிறோம் என்று சொல்பவனோடு வாதாடலாம். ஆராய்வதற்குக் கொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கடையில் விற்பவனோடு என்ன பேசுவது?

இனி, என்னை அதிகம் அலைக்கழித்த இரண்டு கரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று பாரோ தீவுகள். வட அத்திலாந்திக்கில், டென்மார்க் ஆட்சிக்குட்பட்ட தன்னாட்சிப் பகுதி. அங்கே பைலட் திமிங்கலக் கூட்டத்தைப் படகுகளால் வளைத்து ஆழமில்லாத குடாவுக்குள் ஓட்டி, கரையில் நிற்பவர்கள் இறங்கிக் கொன்று, இறைச்சியை ஊரவர்களுக்குள் காசில்லாமல் பங்கிடுவார்கள். பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இதற்குப் பதிவு இருக்கிறது. குடா முழுதும் செந்நீராகும் அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021 செப்டெம்பர் 12 அன்று ஒரே நாளில் 1,428 ஓங்கில்களை, அதாவது டொல்பின்களை, கொன்றபோது அந்தத் தீவுகளுக்குள்ளேயே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அதற்கு முன்பே, 2008இல், பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பதால் பைலட் திமிங்கலத்தை மனிதர் உண்பது தகாது என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியே அறிவுறுத்தியிருந்தார். அந்தப் பாதரசத்தில் பெரும்பகுதி நிலக்கரி எரிக்கும் தூரத்து நாடுகளின் புகையிலிருந்து கடலில் இறங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றது சம்பூர். 2017 மே மாத இறுதியில், கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ள அந்த ஊரில், இருபது அளவிலான பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கின. பாரோவில் கொல்லப்படுபவற்றின் நெருங்கிய இனம் அவை. அந்த ஊர் மக்கள் 2006இல் அடித்து விரட்டப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு, தங்கள் காணிக்குத் திரும்பி அதிக காலம் ஆகவில்லை. அந்தக் காணியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்த கடற்படையினரும், திரும்பி வந்த ஊரவர்களும் ஒரே தண்ணீரில் இறங்கி அந்தத் திமிங்கலங்களை ஆழத்துக்குத் தள்ளினார்கள். நான் அடுத்த நாள்தான் போனேன். அங்கு நின்ற ஒரு மீனவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "தம்பி, தோல் அவிச்ச முட்டை மாதிரி வழுவழுப்பு, மூச்சு விடேக்க முகத்தில சூடா அடிச்சது" என்றார். அது மீன்வாடை இல்லை, மாட்டின் மூச்சு மாதிரி இருந்தது என்றும் சொன்னார். வெட்டித் தின்னலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வை என் அம்மாவுடையதேதான்.

இதை வைத்து நாம் இரக்கமுள்ளவர்கள், பாரோக்காரர் கொடியவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. எண்பதுகளில் இந்த நாட்டின் மீன்துறைகளில் ஓங்கில்கள் வலையில் சிக்கியும் ஈட்டி எறியப்பட்டும் இறங்கின என்பதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். சட்டம் தடுத்ததால்தான் பெருமளவு நின்றது. சுறாவுக்குத் தூண்டில் இரையாக ஓங்கில் வெட்டியதை என் பெரியப்பாவே சொல்லியிருக்கிறார்; மிச்சத்தைக் கருவாடு போட்டுத் தின்றதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இன்றும் எங்கள் கடலில் டைனமைற் வெடிக்கிறது. வெடிமீன் மலிவு என்று தெரிந்தே வாங்குகிறவர்கள் என் தெருவிலும் உண்டு. வெடித்த இடத்தில் பவளப்பாறையும் குஞ்சும் கூண்டோடு போய்விடுகின்றன. அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்ட யாரும் வருவதில்லை, ஏனென்றால் கடல் அங்கே சிவப்பதில்லை.

அருவருப்பு எவ்வளவு தற்செயலானது என்பதற்கு வியட்நாம் மீனவர்களைச் சொல்லலாம். கடலில் அசைவது எதையும் விட்டுவைக்காத சமையல் அவர்களுடையது. ஆனால் திமிங்கலம் மட்டும் அவர்களுக்குக் கடல் தெய்வம். கரையொதுங்கி இறந்ததை முதலில் கண்டவர் மூத்த மகன் நிலையில் நின்று துக்கம் காக்க வேண்டும். பான் தியெட் நகரில் 1762இல் கட்டிய கோயில் ஒன்றில் 22 மீற்றர் நீளமான எலும்புக்கூட்டை வைத்து வழிபடுகிறார்கள். இந்தோனேசியாவின் லாமலேராவிலோ கத்தோலிக்கரான மீனவர்கள் மூங்கில் ஈட்டியோடு படகின் அணியத்திலிருந்து பாய்ந்து எண்ணெய்த் திமிங்கலத்தைக் குத்தி, அந்த இறைச்சியை மலையடிவார ஊர்களின் சோளத்துக்குப் பண்டமாற்றுச் செய்கிறார்கள். இருவரில் யார் கடலை அதிகம் மதிக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் இதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒரே தெருவில் பன்றியைத் தொடாதவர், மாட்டைத் தொடாதவர், இரண்டையும் தின்பவர், எதையுமே தின்னாதவர் என்று நாலு வீடு இருக்கும். பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் ஒருவர் தட்டு மற்றவர் வீட்டுக்குப் போகும்போது எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். 2020 செப்டெம்பரில், அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ மாடறுப்பைத் தடை செய்யும் யோசனையை முன்வைக்க, அமைச்சரவையும் இணங்கியது. தின்பவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்வது என்பதும் அதே யோசனையின் ஒரு பகுதி. என் சைவ உறவினர்கள் சிலர் மகிழ்ந்தார்கள். நான் அன்றும் கேட்டேன்: மாடு வேறு நாட்டில் செத்தால் பாவம் யாருக்குப் போகிறது? காணாத இடத்தில் நடக்கும் கொலை குறைந்த கொலையா? அந்த யோசனை உண்மையில் யாரைக் குறிவைத்தது என்பதும் எங்களுக்குத் தெரியாததன்று.

ஆகவே எதைத் தின்கிறாய் என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எப்படிச் சாகிறது என்ற இரண்டும்தான் எனக்குத் தெளிவாகப் படுகின்றன. முதலாவது கேள்விக்கு நோர்வே நல்ல பதில் வைத்திருக்கிறது: அவர்கள் பிடிக்கும் மிங்கி இனம் அருகிப்போனதன்று, பிடிப்பதும் அண்மை ஆண்டுகளில் 500 அளவில்தான். இரண்டாவதில் தடுமாற்றம். 2011, 2012 பருவங்களில் அவதானித்த 271 திமிங்கலங்களில் 82 வீதம் உடனே இறந்தன என்று அவர்களுடைய ஆய்வே சொல்கிறது. மச்சான் அந்த எண்ணைப் பெருமையோடு சொன்னார். எனக்கு மிச்சம் 18 வீதம்தான் கண்ணில் நின்றது. அவற்றில் பாதி, ஆறு நிமிடமோ அதற்கு மேலோ உயிரோடிருந்தன. ஐஸ்லாந்தில் 2022இல் கொன்ற 148 துடுப்புத் திமிங்கலங்களில் 36 ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சுடப்பட்டன; ஒன்று சாக இரண்டு மணி நேரம் எடுத்தது. அதைப் பார்த்த அரசு அடுத்த ஆண்டு சில மாதங்கள் வேட்டையை நிறுத்தியது. அசையும் கடலில், அசையும் படகிலிருந்து, அசையும் பிராணியை உடனே கொல்வது எப்போதும் கைகூடாது. என் எதிர்ப்பு அங்கேதான் நிற்கிறது, திமிங்கலத்தின் அறிவிலோ அழகிலோ இல்லை.

ஆனால் அந்த அளவுகோலை எடுத்தவுடன் அது நம் பக்கமும் திரும்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கு குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாக அறுத்து விற்றதை எழுதியிருக்கிறார். ஆமைக்கு இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நண்டுக்கு எதுவும் இல்லை. சுவிற்சர்லாந்து 2018இல், மயக்காமல் சிங்க இறாலைக் கொதிநீரில் இடுவதைத் தடை செய்தது. பிரித்தானியா 2022இல் நண்டுக்கும் இறாலுக்கும் கணவாய்க்கும் வலி உணரும் உயிர்களென்று சட்டத்தில் இடம் கொடுத்தது. நாங்கள் நண்டை எப்படி உடைக்கிறோம் என்பதை நான் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். மல்லாக்கப் போட்டு, காலைத் திருகி, பெரிய கடிகாலை முறித்து, வயிற்று மடலை நிமிர்த்தி ஓட்டைப் பிளக்க வேண்டும். ஓடு கழன்ற பின்னும் உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருக்கும். உயிர் நண்டுதான் ருசி என்பதால், சந்தையிலும் காலைத் தட்டிப் பார்த்து, அசைந்தால்தான் வாங்குவோம்.

மச்சான் போன பிறகு வந்த சனிக்கிழமை நான் நான்கு நீலக்கால் நண்டு வாங்கி வந்து, உடைக்காமல், ஒரு பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அறையில் வைத்தேன். குளிரில் அவை மரத்துப்போகும், பிறகு கத்தியை ஒரே குத்தாக இறக்கினால் வேகமாக முடிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து அம்மா ஐஸ் கட்டி எடுக்கக் கதவைத் திறந்தார். பைக்குள் ஒரு கால் மெல்ல மடங்கி விரிந்தது. நான் காரணத்தைச் சொன்னேன். அம்மா கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, அதுக்குக் குளிராதோ?"